கழுத்தில் மட்டும் எரிச்சல், எந்த பிளேடு வாங்கலாம்?

கேள்வி: வயது 26. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலை, வாடகை வீடு, போர் தண்ணீர். மூன்று பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் ரேசரில் ஷேவ் செய்து கழுத்தெல்லாம் சிவப்பு சிவப்பாகப் பொரிந்ததால், நான்கு மாதம் முன்பு அந்தக் காலத்து இரண்டு பக்க பிளேடு போடும் ரேசருக்கு மாறினேன். ஃபெதர்தான் எல்லாவற்றிலும் கூர்மை என்றார்கள், வாங்கினேன். கன்னம் பரவாயில்லை, கழுத்து இன்னும் மோசமாகிவிட்டது. அதற்கப்புறம் அஸ்ட்ரா, செவன் ஓ கிளாக், வில்கின்சன், டோப்பாஸ், சூப்பர்மேக்ஸ் என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். நுரை நிற்கவே மாட்டேன் என்கிறது, ஒரே இடத்தில் நாலைந்து தடவை இழுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் அப்பா ஒரே பிளேடை ஒரு மாதம் ஓட்டுவார், கண்ணாடி டம்ளரில் தேய்த்துத் தேய்த்துப் போடுவார், அவருக்கு ஒன்றும் வந்ததில்லை. எனக்கு எந்த பிளேடு சரியாக வரும்? எட்டு வாரத்தில் அக்கா கல்யாணம்.

பதில்: தம்பி, ஆறு பிளேடு பேர் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நுரை நிற்கவில்லை, நாலைந்து தடவை இழுக்கிறேன் என்று, எனக்கு அந்த ஒரு வரி போதும். உங்கள் கழுத்தைக் கெடுப்பது அந்த நாலைந்து தடவைதான். திருச்சியில் 31 வருடமாகச் சவரக் கடை வைத்திருக்கிறேன், ஒரே பிளேடில் ஒருவர் முகம் பட்டு மாதிரி வருவதையும், அதே கம்பெனி பிளேடில் இன்னொருவர் முகம் கன்றிப் போவதையும் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. பிளேடு முக்கியம்தான், அதைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் முதலில் தண்ணீர், அப்புறம் கை, அதற்கப்புறம்தான் பிளேடு.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கே போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதா, ஷவர் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்கிறதா? அந்தத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருக்கிறது. சோப்பில் இருக்கிற கொழுப்பு அமிலம் இதோடு சேர்ந்தால் நுரைக்குப் பதிலாகத் திரிதிரியாக ஒரு அழுக்குப் படலம்தான் வரும். ஷேவிங் கிரீமும் பெரும்பாலும் சோப்புதான். அதனால் நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து கிரீம் வாங்கினாலும் அந்தத் தண்ணீரில் அது ஒரு நிமிடத்தில் காய்ந்து விடும். காய்ந்த முகத்தில் பிளேடு வழுக்காது, பிடிக்கும். பிடித்தால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் தோலின் மேல் படலம் சேர்ந்து போகும், அதுதான் எரிச்சல்.

இதற்கு வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. குடிக்க கேன் தண்ணீர் வாங்குகிறீர்கள் இல்லையா, அதில் ஒரு சொம்பு எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை நனைக்க, நுரை எழுப்ப, ரேசரை அலச, எல்லாமே அந்த ஒரு சொம்புக்குள் முடிந்துவிடும், அரை லிட்டர் கூடச் செலவாகாது. குளிப்பதும் கடைசியில் முகம் கழுவுவதும் போர் தண்ணீரிலேயே இருக்கட்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு எனக்கு எழுதியிருந்தால் கூட உங்கள் கடிதம் பாதியாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஊற வைப்பது. எங்கள் அப்பா ஊர் ஊராகப் போய்த் திண்ணையில் உட்காரவைத்துச் சவரம் செய்த காலத்தில் கிரீமும் கிடையாது, பல வீட்டில் சோப்பும் கிடையாது. ஒரு கிண்ணியில் தண்ணீர், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விரலாலேயே தாடியைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், ஊர்க்கதை ஒன்று பேசி முடிக்கிற நேரம் தேய்ப்பார், அதற்கப்புறம்தான் கத்தியை விரிப்பார். சின்ன வயதில் எனக்கு அது நேரத்தை வீணாக்குகிற மாதிரி தெரிந்தது. பிறகு நானே கத்தி பிடித்தபோதுதான் புரிந்தது. காய்ந்த தாடி முடி, அதே தடிமனுள்ள செம்புக் கம்பி அளவுக்குக் கடினம் என்பார்கள். அதே முடி இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை உறிஞ்சினால் உப்பி, மெத்தென்று ஆகி, வெட்டுவதற்கு வேண்டிய பலம் வெகுவாகக் குறைந்துவிடும். குளித்த உடனே ஷேவ் செய்வது நல்லது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். நீங்கள் குளிப்பதற்கு முன்னால் செய்கிறவராக இருந்தால் அந்த வரிசையை மாற்றுங்கள். முடியாது என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்திலும் தாடையிலும் இரண்டு நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். கொதிக்கிற சூடு வேண்டாம், அது தோலை உலர்த்தும்.

நுரை எப்படி இருக்க வேண்டும் என்று நிறையப் பேருக்குத் தவறாகப் பதிந்திருக்கிறது. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பஞ்சு பஞ்சாக மூக்கு வரைக்கும் நிற்பது நல்ல நுரை இல்லை, அதில் காற்றுதான் அதிகம். நல்ல நுரை கெட்டித் தயிர் மாதிரி இருக்கும், பளபளவென்று ஈரம் தெரியும், விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்கும். பிரஷ்ஷை உதறிவிட்டு, கிரீம் ஒரு கடலை அளவு எடுத்து, முகத்திலேயே வட்டமாகச் சுற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் சுற்றுங்கள், சுற்றும்போது படுத்துக் கிடக்கிற முடியும் எழுந்து நிற்கும். கிரீம் எந்தக் கம்பெனி என்பது இரண்டாம் பட்சம், கோத்ரெஜ், பாமோலிவ், வி-ஜான், எது கிடைக்கிறதோ அது. மென்தால் போட்ட, ஜில்லென்று குத்துகிற வகையை மட்டும் கழுத்து ஆறும் வரைக்கும் ஒதுக்கி வையுங்கள்.

இப்போது கை. உங்கள் பிரச்சினையின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார்ட்ரிட்ஜ் ரேசரின் தலை கழுத்து ஆடுகிற மாதிரி ஆடும், எப்படிப் பிடித்தாலும் அது தானே கோணத்தைச் சரி செய்துகொள்ளும், நீங்கள் அழுத்தினாலும் மூன்று பிளேடும் அந்த அழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். பத்து வருடம் அதில் பழகிய கை, இந்த ரேசரைப் பிடித்ததும் அதே மாதிரிதான் அழுத்தும். இங்கே ஒரே ஒரு முனை, தலை ஆடாது, கோணம் முழுக்க உங்கள் மணிக்கட்டில்தான் இருக்கிறது. கைப்பிடியைக் கன்னத்துக்கு நேராக நீட்டிப் பிடித்து ரேசரின் தலை மட்டும் தோலில் படும்படி வைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே சாய்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் பிளேடு முடியைத் தொட ஆரம்பிக்கும். அந்த இடம்தான் கோணம், தோலுக்கும் பிளேடுக்கும் ஏறக்குறைய 30 டிகிரி. அதற்கு மேல் சாய்த்தால் பிளேடு வெட்டாமல் சுரண்டும். கைப்பிடியை அடியில், நுனி விரல்களால் பிடியுங்கள், முஷ்டியாகப் பிடிக்க வேண்டாம். ரேசரின் கனமே போதும், அது தானாகக் கீழே இறங்க வேண்டும், நீங்கள் அதைத் திசை மட்டும் காட்ட வேண்டும். ஒரு இழுப்பு ஒரு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது.

சத்தத்தையும் கேளுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, குழாயை மூடிவிட்டு ஷேவ் செய்து பாருங்கள், கோணம் சரியாக இருந்தால் காய்ந்த இலை நொறுங்குகிற மாதிரி சரசரவென்று ஒரே சீராகக் கேட்கும். சத்தம் நின்றால் ஒன்று முடி தீர்ந்துவிட்டது, இல்லை கோணம் தவறிவிட்டது. கடையில் நான் புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது முதல் மாதம் ரேடியோ போட விடமாட்டேன்.

கழுத்துக்கு வருவோம். கன்னத்தில் முடி எல்லோருக்கும் கிட்டத்தட்ட மேலிருந்து கீழேதான் வளரும், அதனால்தான் உங்கள் கன்னம் பிழைத்தது. கழுத்து அப்படி இல்லை. சிலருக்குக் கீழிருந்து மேலே வளரும், சிலருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் குரல்வளையை நோக்கிப் படுத்துக் கிடக்கும், சிலருக்குத் தாடைக்கு அடியில் ஒரு சுழியே இருக்கும். நீங்கள் எல்லோரையும் போல மேலிருந்து கீழே இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கழுத்தில் பாதி இடத்தில் நீங்கள் அறியாமலே முதல் இழுப்பிலேயே எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பீர்கள். ஒரு வேலை செய்யுங்கள். மூன்று நாள் ஷேவ் செய்யாமல் விடுங்கள். மூன்றாம் நாள் கண்ணாடி முன் நின்று விரல் நுனியால் கழுத்தை ஒவ்வொரு திசையிலும் தடவுங்கள், வழுவழுவென்று போகிற திசை முடி வளரும் திசை, முள்ளாகக் குத்துகிற திசை அதற்கு எதிர். இதை ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளை வேலை மாதிரி தோன்றும், ஆனால் பத்து வருடம் வாடிக்கையாளராக இருக்கிறவர்களின் கழுத்துச் சுழி எனக்கு இப்போதும் கண்ணை மூடினால் தெரியும், அது தெரியாமல் கத்தி வைக்கவே முடியாது.

முதல் சுற்று முழுக்க அந்த அம்புக்குறிப்படி. மறுபடி நுரை போட்டு, இரண்டாவது சுற்று குறுக்கே. அவ்வளவோடு நிறுத்துங்கள். எதிர்த்திசையில் மூன்றாவது சுற்று கழுத்துக்கு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். முக்கியமாக, நுரை இல்லாத இடத்தில் பிளேடு படக்கூடாது, ஒரு முடி விட்டுப்போயிருந்தால் விரலில் இருக்கிற நுரையைத் தடவிவிட்டு எடுங்கள். குரல்வளை மேட்டில் தோலை ஒரு பக்கமாக இரண்டு விரலால் நகர்த்தி, மேட்டை விட்டு விலகிய சமமான இடத்தில் வைத்து எடுங்கள். தோலை லேசாக இழுத்துப் பிடித்தால் போதும், விறைப்பாக இழுத்தால் வெட்டிய முடி தோலுக்குள்ளே போய்விடும்.

அந்த உள்ளே போவதுதான் உங்கள் பழைய சிவப்புப் பருக்களுக்கும் காரணம். 1971-இல் ஜில்லெட் இரண்டு பிளேடு வைத்த ட்ராக் டூ கொண்டுவந்தது, 1998-இல் மாக் த்ரீ, 2006-இல் ஐந்து பிளேடு ஃப்யூஷன். இதன் உத்தி என்னவென்றால், முதல் பிளேடு முடியை வெட்டும்போதே அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடும், அது திரும்ப உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வந்து இன்னும் அடியில் வெட்டிவிடும். மீதி முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். நேரான, மெல்லிய முடிக்காரருக்கு அது சுகம். சுருட்டை முடி, அடர்த்தியான முடி உள்ளவர்களுக்கு அந்த முடி திரும்ப வளரும்போது வெளியே வரத் தெரியாமல் பக்கத்துத் தோலிலேயே குத்திக்கொண்டு உள்ளே நுழையும். உடம்பு அதை முள் குத்தின மாதிரி நினைத்து வீங்கும். ஆகவே ஒற்றை பிளேடுக்கு நீங்கள் மாறியது சரியான முடிவுதான், அதை விட்டுவிடாதீர்கள். ஒற்றை பிளேடிலும் நாலைந்து தடவை எதிர்த்திசையில் இழுத்தால் அதே பள்ளத்தில்தான் போய் விழுவோம், அது ஒன்றுதான் நடந்திருக்கிறது.

சரி, பிளேடு.

ஒரு பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 13 சதவீதம் குரோமியம் சேர்ந்த ஸ்டெயின்லெஸ் எஃகு, முனையைத் தீட்டியபின் அதன்மேல் குரோமியம், பிளாட்டினம் மாதிரி ஏதாவது ஒரு உலோகப் பூச்சு, அதற்கும் மேலே நான்ஸ்டிக் தவாவில் இருக்கிற அதே டெஃப்லான் வகைப் பூச்சு. பாக்கெட்டில் பிளாட்டினம் என்று போட்டிருப்பது இந்தப் பூச்சைத்தான். ஆக ஒரு பிளேடில் இரண்டு குணம் இருக்கிறது, கூர்மை ஒன்று, வழுக்கல் ஒன்று. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஃபெதர் கூர்மையில் முதலில் நிற்கும் என்பதில் சந்தேகமில்லை, கத்திக்குப் பேர்போன ஜப்பானின் செக்கி ஊர்ச் சரக்கு. ஆனால் அது கை லேசாக ஆன பிறகு பிடிக்க வேண்டிய பிளேடு. அழுத்துகிற கைக்கு அது மன்னிக்காது. முடியோடு தோலையும் எடுத்துவிட்டு, எடுத்ததே தெரியாமல் போய்விடும், தண்ணீர் படும்போதுதான் தெரியும். மீதி இருக்கிற ஃபெதரைத் தூக்கிப் போட வேண்டாம், அலமாரியில் வையுங்கள், மூன்று மாதம் கழித்து அதுவே உங்களுக்குப் பிடித்துப் போகலாம்.

மொக்கையான பிளேடும் ஆபத்துதான், அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எரிச்சல் வந்தவர்கள் பெரும்பாலும் கூர்மை குறைந்ததைத் தேடிப் போகிறார்கள். கூர்மை போதாத பிளேடு முடியை வெட்டாமல் இழுக்கும், நீங்கள் திரும்பத் திரும்ப இழுப்பீர்கள். உங்களுக்கு நடுத்தரம் வேண்டும். நீங்கள் எழுதியதில் அஸ்ட்ராவின் பச்சை பாக்கெட், செவன் ஓ கிளாக், வில்கின்சன் மூன்றுமே என் கைக்கு அந்த வகை. நானாக இருந்தால் அஸ்ட்ராவில் ஆரம்பிப்பேன். எந்தக் கம்பெனியை எடுத்தாலும் மூன்று வாரத்துக்கு அந்தக் கம்பெனியை மாற்றக்கூடாது. தண்ணீரையும் கையையும் மாற்றுகிற இந்த நேரத்தில் பிளேடையும் மாற்றிக்கொண்டிருந்தால் எதனால் நன்றாக வந்தது, எதனால் கெட்டது என்று உங்களுக்கே தெரியாது. நான்கு மாதத்தில் ஆறு பிளேடு பார்த்தும் ஒரு முடிவுக்கு வர முடியாததற்கு அதுதான் காரணம். வாங்குவதைத் தெரிந்த கடையில் வாங்குங்கள், பேர்போன பிளேடுகளுக்குப் போலியும் சந்தையில் சுற்றுகிறது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ரேசரில் பிளேடு நேராக உட்காருகிறதா? திருகி முடித்ததும் தலையை வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் கடிக்கும், மறு பக்கம் வெட்டவே வெட்டாது, நீங்கள் பிளேடைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். விலை மலிவான ரேசர்களில் இது அடிக்கடி வரும். தளர்த்தி, பிளேடின் குறுகிய இரண்டு முனைகளை விரலால் சமமாகப் பிடித்துக்கொண்டு மறுபடி திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கூர்முனைப் பக்கம் விரல் வைத்துவிடாதீர்கள்.

அப்பா விஷயம். ஒரு மாதம் ஓட்டினார் என்றால் எத்தனை ஷேவ் என்று கணக்குப் போடுங்கள். அந்தத் தலைமுறையில் பெரும்பாலானவர்கள் வாரத்துக்கு இரண்டு தடவைதான் செய்வார்கள், அப்படிப் பார்த்தால் மாதத்துக்கு எட்டு ஒன்பது. அதிலும் மேலிருந்து கீழே ஒரு தடவை, அவ்வளவோடு துண்டு. உங்களை மாதிரி தினம் மழமழவென்று வர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. இரண்டு ஷேவுக்கு நடுவில் தோலுக்கு மூன்று நாள் ஓய்வும் கிடைத்தது. டம்ளரில் தேய்ப்பதை நானும் பார்த்து வளர்ந்தவன்தான், பூச்சு இல்லாத பழைய கார்பன் எஃகு பிளேடு காலத்து வழக்கம் அது. அந்த பிளேடு சீக்கிரம் துருப்பிடித்து மழுங்கிவிடும், 1960-களின் ஆரம்பத்தில் வில்கின்சன் ஸ்வோர்டு ஸ்டெயின்லெஸ் பிளேடைக் கொண்டுவந்த பிறகுதான் ஒரே பிளேடு பல நாள் தாங்குகிற நிலைமை வந்தது. இப்போதைய பிளேடைக் கண்ணாடியில் தேய்த்தால் முனையில் இருக்கிற மெல்லிய பூச்சுதான் போகும். வேண்டாம்.

பிளேடு ஏன் மழுங்குகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். முடியைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினம், அப்படியிருந்தும் முடி எஃகைக் கெடுக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்து 2020-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். முனை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வட்டமாவதைவிட, சில்லு சில்லாக உடைகிறது, அதுவும் முடி வளைந்து பிளேடில் சாய்வாகப் படும் இடங்களில், எஃகின் உள்கட்டமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் உடைகிறது என்று கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சில்லுகள்தான் நமக்கு ‘இழுக்குது’ என்று தெரிகிறது. உங்கள் மாதிரி அடர்ந்த தாடிக்கு ஒரு பிளேடு மூன்று, மிஞ்சினால் நான்கு ஷேவ். ஐந்தாவதுக்கு ஆசைப்பட வேண்டாம். உள்ளூர்க் கடையில் ஒரு பிளேடு சில ரூபாய்தான், கார்ட்ரிட்ஜுக்குக் கொடுத்ததை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. முடிந்ததும் ரேசரை அலசி, உதறி, பாத்ரூமுக்கு வெளியே காற்றோட்டமாக வையுங்கள். துண்டால் பிளேடைத் துடைக்காதீர்கள்.

ஷேவ் முடிந்த பிறகு பச்சைத் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு, படிகாரக் கல்லை நனைத்துக் கழுத்தில் ஒரு தடவை லேசாக ஓட்டுங்கள். படிகாரம் சின்னக் கீறலில் ரத்தத்தை நிறுத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும், நான் அதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. எந்த இடத்தில் சுரீர் என்று எரிகிறதோ அந்த இடத்தில் நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். தினமும் அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் அங்கே கையை இன்னும் லேசாக்குங்கள். உங்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஒரு நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். அதற்குமேல் ஸ்பிரிட் வாசனை அடிக்கிற ஆஃப்டர் ஷேவ் போடக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் தோல் வறண்டு வெடிக்கும். வாசனையில்லாத மாய்ஸ்சுரைசர் ஏதாவது கொஞ்சம். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கடையில் நிறையப் பேர் கேட்பார்கள், பரு வருகிற தோலாக இருந்தால் வேண்டாம், துளையை அடைக்கும்.

இதெல்லாம் தோல் சாதாரண நிலையில் இருக்கும்போது. இப்போது உங்கள் கழுத்து ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கிறது, அதன்மேல் எந்த நல்ல முறையும் வேலை செய்யாது. அதனால் இன்றிலிருந்து மூன்று வாரம் கழுத்தில் பிளேடு வைக்காதீர்கள். ஆபீசுக்குப் போக வேண்டுமென்றால் டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள், கன்னத்தை மட்டும் ரேசரில் செய்து கையைப் பழக்குங்கள். உள்ளே சுருண்ட முடியை ஊசியாலோ நகத்தாலோ நோண்டக்கூடாது. நோண்டினால் சீழ் வைக்கும், தழும்பு கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். நான் சவரத் தொழிலாளி, மருத்துவர் இல்லை, அதனால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன், மூன்று வாரத்தில் அடங்கவில்லை என்றாலோ, சீழ் வைத்துப் பரவினாலோ, வட்ட வட்டமாக அரிப்போடு வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வட்டமாக அரிப்பது படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்குகிற சிவப்பு மறைக்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், இரண்டு நாளில் தெளிந்த மாதிரி காட்டிவிட்டுத் தோலை மெலியவைத்துவிடும், படர்தாமரையாக இருந்தால் அதைப் பரப்பிவிடும். என் கடைக்கு அப்படி முகத்தைக் கெடுத்துக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்காது.

இந்த நேரத்தில் கடைக்குப் போய் செய்துகொள்ளலாம் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள், உங்கள் கண் முன்னால் புது பிளேடைப் பிரித்து ஒடித்துக் கத்தியில் போடுகிறாரா என்று மட்டும் பாருங்கள். போடவில்லையென்றால் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் பி என்கிற வகையின் கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள் கூட உயிரோடு இருக்கும். நல்ல தொழிலாளி அந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ளவே மாட்டார். எதிர்த்திசை வேண்டாம், ஒரு தடவை போதும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் நாங்கள் சுத்தமாக வழித்துவிடத்தான் பார்ப்போம்.

இன்னொன்று, பழைய பிளேடைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள். குப்பை அள்ள வருகிற அம்மா அதைக் கையால்தான் பிரிக்கிறார். ஒரு பழைய தகர டப்பா மூடியில் பிளேடு நுழைகிற அளவு கீறி வைத்து அதில் போட்டுக்கொண்டே வாருங்கள், வருடக்கணக்கில் நிறையாது. நிறைந்ததும் மூடியை ஒட்டி, மேலே பிளேடு என்று பெரிதாக எழுதி, அவர் கையில் சொல்லிக் கொடுங்கள்.

கல்யாணத்துக்கு எட்டு வாரம் இருக்கிறது, போதும். மூன்று வாரம் ஓய்வு, அடுத்த மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், கழுத்தில் முடி வளரும் திசையில் ஒரே ஒரு சுற்று. எரியவில்லையென்றால் ஏழாவது வாரம் குறுக்குச் சுற்றைச் சேருங்கள். கல்யாணத்தன்று காலையில் கூட்டத்தில், மண்டபத்து உப்புத் தண்ணீரில், முகூர்த்தத்துக்கு அவசர அவசரமாக ஷேவ் செய்வதைத் தவிர்த்துவிடுங்கள். முதல் நாள் சாயங்காலம், ரிசப்ஷனுக்கு முன்னால் நிதானமாக முடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் புது பிளேடும் பிரிக்க வேண்டாம், ஒரு தடவை பயன்படுத்தி முனையின் கடி கொஞ்சம் அடங்கிய பிளேடாக இருக்கட்டும், பையில் ஒரு பாட்டில் கேன் தண்ணீரும் படிகாரக் கல்லும் எடுத்துப் போங்கள்.